மோர்க்குழம்பும் ஒரு பொய்யும்

பாளையங்கோட்டை,
ஞாயிறு மத்தியானம்.

அன்புள்ள பாப்பா,

ஊர் வந்து சேர்ந்த கதையை நேற்றே போனில் சொல்லியாயிற்று. இது வேறு. இதைப் போனில் ஆரம்பித்தால் பாதியில் ‘இருங்க பெரியம்மா, ஆபீஸ் கால்’ என்பாய். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

நான் புறப்படுவதற்கு முந்தின ராத்திரி பால்கனியில் துணி மடித்துக்கொண்டே கேட்டாய்: ‘ரெண்டாயிரம் வருஷமா மனுஷங்க மாறவே இல்லைன்னு சொல்லிக்கிட்டே இருப்பீங்களே, அதை நெசமாவே நம்புதீங்களா?’ நான் ‘பின்னே?’ என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டேன். நாகர்கோவில் வண்டியில் கீழ்ப் படுக்கை கிடைத்தும் தூக்கம் பிடிக்கவில்லை. 31 வருஷம் பெண்பிள்ளைகளுக்குத் தமிழ் நடத்தியிருக்கிறேன். சங்கப் பாட்டு என்றால் என் வாயில் முதலில் வருகிற வாக்கியம் அதுதான். ஒரு தடவையாவது யோசித்துச் சொன்னேனா என்று திண்டுக்கல் தாண்டும்போது சந்தேகம் வந்துவிட்டது. அந்தப் ‘பின்னே’யை வாபஸ் வாங்கத்தான் இந்தக் கடிதம். முழுசாக இல்லை, முக்கால்வாசி.

வீட்டுக்குள் கால் வைத்ததுமே உன் அம்மா விசாரணையைத் தொடங்கிவிட்டாள். லாரித் தண்ணீரா, குழாய்த் தண்ணீரா, எத்தனாவது மாடி, வேலைக்கு ஆள் வருகிறதா. இதெல்லாம் சும்மா கோயிலைச் சுற்றி வருவது. காப்பி குடித்து டம்ளரைக் கவிழ்த்த பிறகுதான் சன்னதிக்கு வந்தாள். ‘சமையல் எப்படிக்கா? ஒழுங்காச் சமைக்காளா?’

நான் மாப்பிள்ளை வைத்த மோர்க்குழம்பைச் சொன்னேன். வீட்டில் மத்து இல்லாததால் கெட்டித் தயிரைக் கையாலேயே பிசைந்து கரைத்ததை. நடுவில் போன் அடிக்கவும் கையைக் கழுவப் பொறுமையில்லாமல், அன்றைக்குத்தான் துவைத்து உடுத்தியிருந்த பனியனில் விரலைத் துடைத்துக்கொண்டதை. சிம்னி சுவிட்சைப் போட மறந்து தாளித்ததில் கடுகும் வற்றலும் புகைந்து, கண்ணில் தண்ணீர் வடிய நின்றதை. உன் தட்டில் ஊற்றிவிட்டுக் கரண்டியைக் கீழே வைக்காமல் உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததை.

உன் அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், ‘அவுக அம்மாவுக்குத் தெரியுமா?’ என்றாள்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. தன் பேச்சுக்குத்தான் சிரிக்கிறேன் என்று நினைத்து அவளுக்குக் கோபம். நான் சிரித்தது குறுந்தொகைக்கு. அதில் 167-ஆம் பாட்டு, கூடலூர் கிழார் பாடியது. புதுக்குடித்தனம் பார்க்கப் போய்விட்டு வந்த செவிலித்தாய், பெற்ற தாயிடம் சொல்கிறாள். அந்தப் பெண் மெல்லிய விரலால் கெட்டித் தயிரைப் பிசைகிறாள். விரலைத் துடைத்த துணியை மாற்றாமலே இருக்கிறாள். தாளிக்கிற புகை மை தீட்டிய கண்ணில் ஏறுகிறது. அவள் தானாகத் துழாவி வைத்த புளிப்புக் குழம்பை, நன்றாயிருக்கிறது என்று சொல்லிப் புருஷன் சாப்பிடுகிறான். அவள் முகத்தில் ஒரு சின்ன மலர்ச்சி, உற்றுப் பார்க்கிறவர்களுக்கு மட்டும் தெரிகிற அளவுக்கு. அவ்வளவுதான் பாட்டு. ஆறே வரி.

உன் அம்மா பாங்க் உத்தியோகத்தில் ஊர் ஊராக மாற்றலாகிப் போன ஏழு வருஷம், உனக்கு எண்ணெய் வைத்துத் தலை பின்னிப் பள்ளிக்கூடம் அனுப்பினவள் நான். ஆக நான் செவிலி, அவள் நற்றாய். பாத்திரங்கள் எல்லாம் சரியாக அமைந்துவிட்டன. கரண்டி மட்டும் கைமாறியிருந்தது.

பழைய டீச்சராக இருந்தால் இங்கேயே பாடத்தை முடித்திருப்பேன். காலம் மாறலாம், பரிமாறிவிட்டுக் காத்து நிற்கிற அந்த முகம் மாறாது என்று சொல்லிச் சாக்பீஸைக் கீழே வைத்திருப்பேன். ஆனால் உன் பெரியப்பாவை நினைத்துப் பார். 38 வருஷக் குடித்தனத்தில் உப்பு ஜாடி எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. அந்த முகம் அவருக்கும் உண்டு. தீபாவளிக்குச் சேலை எடுத்துவந்து பிரித்துக் காட்டும்போது மட்டும் வெளியே வரும். அடுப்படியில் அதை வைத்துக்கொண்டு நிற்க அவருடைய காலம் அவரை விடவில்லை. காலம் விட்டிருந்தாலும் அவர் அம்மா விட்டிருக்க மாட்டாள். கூடலூர் கிழாரின் ஊரிலும் மனைவிக்குச் சமைத்துப்போட்டு முகம் பார்த்த ஒருவன் இருந்திருக்கலாம். பாட்டில் அவனுக்கு இடமில்லை. மனிதர்கள் எப்படி இருந்தார்கள் என்று நாம் பழைய பாட்டில் தேடுகிறோம். அவர்களை எப்படி இருக்க விட்டார்கள் என்பதும் சேர்ந்தேதான் கிடைக்கிறது. இரண்டையும் பிரித்தெடுக்க என்னிடம் முறம் இல்லை.

இன்னொரு குற்றத்தையும் ஒப்புக்கொள்கிறேன். குறுந்தொகையில் 401 பாட்டு இருக்கிறது. நான் வருஷா வருஷம் வகுப்பில் சொன்னது இருபது, மிஞ்சினால் முப்பது. எல்லாம் கேட்டவுடனே பிடிபடுகிறவை. ஊரெல்லாம் தூங்க ஒருத்தி மட்டும் விழித்திருப்பது, அவன் சத்தியம் பண்ணினபோது சாட்சிக்கு ஒரு நாரைதான் நின்றது என்று ஒருத்தி தவிப்பது, இந்த மாதிரி. பரத்தை ஒருத்தி தலைவனைக் கேலி செய்கிற எட்டாம் பாட்டைத் தொட்டதே இல்லை. பாடத்திட்டத்தில் இல்லை என்பது சாக்கு. பிடிபடுவதை மட்டும் பொறுக்கி வைத்துக்கொண்டு ‘பார், ஒன்றுமே மாறவில்லை’ என்றால், குன்றிமணியாகப் பொறுக்கி வைத்துக்கொண்டு உலகமே சிவப்பு என்கிற கதைதான்.

மடலேறுதலை நான் எப்படி நடத்துவேன் தெரியுமா? பனைமடலில் குதிரை செய்து, எருக்கம்பூ சூடி, தெரு நடுவே ஏறி வந்து, இவளால்தான் எனக்கு இந்தக் கதி என்று ஊருக்கே காட்டிவிடுவேன் என்கிற காதலனைக் காதலின் சிகரம் என்பேன். பிள்ளைகளும் குறிப்பெடுத்துக்கொள்ளும். ஓய்வு பெறுவதற்கு இரண்டு மூன்று வருஷம் முன்னால் கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி எழுந்தாள். ‘டீச்சர், இது மிரட்டல். போலீஸ்ல சொன்னா தூக்கி உள்ள போட்டுருவாங்க.’ வகுப்பு முழுக்கச் சிரிப்பு. அவளை அதட்டி உட்கார வைத்தேன். இப்போது நினைத்தால், அந்தப் பாட்டை என்னைவிட அவள்தான் ஒழுங்காகப் படித்திருக்கிறாள். பாட்டு மாறவில்லை. அந்த ஆசையும் வெறியும்கூட மாறவில்லை, தினசரியைப் பிரித்தால் தெரிகிறது. கேட்கிற பெண் மாறிவிட்டாள். அவள் மனித இயல்பில் சேர்த்தி இல்லையா?

சில கதைகள் பாதி நம் வீட்டுக் கதையாக இருக்கும், மீதிப் பாதியில் நமக்கு நுழைய வாசலே இருக்காது. கோப்பெருஞ்சோழனை எடுத்துக்கொள். பெற்ற பிள்ளைகள் இரண்டு பேரும் அப்பனுக்கு எதிராகப் படை எடுத்து வருகிறார்கள். அவனும் வாளைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறான். புல்லாற்றூர் எயிற்றியனார் என்ற புலவர் குறுக்கே போய்க் கேட்கிறார்: நீ செத்த பிறகு இந்த நாடு யாருக்கு, அவர்களுக்குத்தானே? இதே கேள்வியை நம் சின்னத் தாத்தா வீட்டுப் பாகப்பிரிவினையில் வக்கீல் குமாஸ்தா கேட்டார். நான் திண்ணையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். இதுவரை நம் கதை. அதற்கப்புறம் சோழன் செய்தது என்ன? சண்டையை விட்டுவிட்டு, ஆற்றங்கரையில் வடக்குப் பார்த்து உட்கார்ந்து பட்டினி கிடந்து உயிரை விட்டான். முகம்கூடப் பார்த்திராத சிநேகிதர் பிசிராந்தையார் பாண்டிநாட்டிலிருந்து நடந்து வந்து, கூட உட்கார்ந்து தாமும் செத்தார். சின்னத் தாத்தா மேல்முறையீடு செய்தார். வடக்கிருந்த மனசை என்னால் விளக்க முடியும், பத்து மதிப்பெண்ணுக்கு விடையும் எழுத முடியும். புரிகிறது என்று மட்டும் சொல்ல மாட்டேன்.

ஆனால் என்னை நிஜமாகத் தடுக்கிவிட்டது புறநானூற்று 278-தான். காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாடியது. நரம்பு புடைத்த கிழவி ஒருத்தி. உன் மகன் போர்க்களத்தில் புறமுதுகு காட்டி ஓடிவிட்டான் என்று பல பேர் வந்து அவளிடம் சொல்கிறார்கள். அது நிஜமானால் அவனுக்குப் பால் கொடுத்த மார்பை அறுத்தெறிவேன் என்று வாளோடு போய்ப் பிணங்களைப் புரட்டிப் புரட்டித் தேடுகிறாள். துண்டு துண்டாகக் கிடக்கிற மகனைக் கண்டதும், பெற்ற அன்றைக்கு இருந்ததைவிட அதிகமாகச் சந்தோஷப்படுகிறாள். இதை நான் நடத்தினால் பக்கத்து வகுப்பு கணக்கு டீச்சர் வந்து கதவைச் சாத்துவாள். அவ்வளவு சத்தம்.

1999-இல், கார்கிலில் சண்டை நடந்துகொண்டிருந்த சமயம். முன்வரிசையில் ஒரு பெண்; அவள் அண்ணன் ராணுவத்தில் இருந்தான். நான் முழங்கி முடித்ததும் எழுந்து, கையைக் கட்டிக்கொண்டு மரியாதையாகத்தான் கேட்டாள்: ‘அன்னைக்கு ராத்திரி அந்த அம்மா என்ன டீச்சர் செஞ்சிருப்பா?’ என்னிடம் பதில் இல்லை. பாட்டு களத்திலேயே முடிந்துவிடுகிறது. அவள் வீட்டுக்கு வந்ததும், வாளைக் கழுவி மாட்டியதும், மகன் படுக்கிற பாயைப் பார்த்ததும் பாட்டில் கிடையாது. அந்த அண்ணன் நல்லபடியாகத் திரும்பி வந்தான். ஆனால் அதற்கப்புறம் அந்தப் பாட்டைச் சத்தம் போட்டு நடத்த எனக்கு வாய் வரவில்லை. மன்னர்களுக்கு ஆள் வேண்டியிருந்த காலம் அது. எந்தத் தாயைப் பாட வேண்டும், எந்தத் தாயைப் பாடாமல் விட வேண்டும் என்று அந்தக் காலத்துக்குத் தெரிந்திருந்தது. அவள் பொய் என்று நான் சொல்லவில்லை. அப்படி ஒருத்தி இருந்திருக்கலாம். என் தெருவில் அவளை நான் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

என் தெருவில் நான் தினம் பார்ப்பது அந்தப் ‘பல பேரை’. மகன் ஓடிவிட்டான் என்று கிழவியின் வாசலில் வந்து சொன்னார்களே, அவர்களை. அவர்கள் சொன்னது பச்சைப் பொய். யார் கிளப்பியது, எதற்குக் கிளப்பியது என்று பாட்டில் ஒரு வார்த்தை கிடையாது; கேட்கவேண்டிய அவசியமும் யாருக்கும் வந்ததில்லை. வம்புக்கே இரண்டு தரம் பிரித்து வைத்திருந்தவர்கள் அந்தக் காலத்து ஆட்கள். வாய்க்குள் முணுமுணுத்தால் அம்பல், ஊரறியப் பேசினால் அலர். உங்கள் அப்பார்ட்மெண்ட் வாட்ஸப் குரூப்பில் பெயர் போடாமல் ஒருத்தி ஜாடையாக எழுதியிருந்ததைக் காட்டினாயே, அது அம்பல். சாயங்காலத்துக்குள் நாற்பது பேர் பதில் போட்டார்களே, அது அலர். இதற்கு நான் உரை எழுதவே வேண்டாம்.

வண்டி விருதுநகரில் நின்றபோது எனக்குத் தோன்றியது இதுதான். வீரம், கற்பு, மானம் என்று தலைப்புப் போட்டு நாங்கள் கேள்வித்தாளில் கேட்கிற பெரிய குணங்கள் ஒவ்வொரு காலத்துக்கும் புதுசாகத் தைத்துப் போட்ட சட்டைகள். தலைப்புக் கிடைக்காத சில்லறைக் குணங்கள்தான் அப்படியே வந்துகொண்டிருக்கின்றன. வம்பு, மழுப்பல், முகம் பார்த்து நிற்பது, பெற்றவளுக்குத் தெரியாமல் ஒன்றை மறைப்பது. இதையும் எனக்குப் பிடித்ததால்தான் பொறுக்குகிறேனோ என்னவோ.

மறைப்பது என்றதும் ஆச்சி ஞாபகம். ஜெயகாந்தனுடைய ‘அக்னிப் பிரவேசம்’ 1966-இல் ஆனந்த விகடனில் வந்தபோது எனக்கு ஒன்பது வயது. ஆச்சி அந்த இதழை அரிசிப் பானைக்குள் வைத்திருந்தாள். இந்தக் குப்பையை வீட்டில் வைக்காதே என்று தாத்தா போட்ட சத்தம் நினைவிருக்கிறது. எது குப்பை என்று தெரிய எனக்குப் பத்து வருஷம் ஆயிற்று. கொட்டுகிற மழையில் பஸ்ஸுக்கு நிற்கிற காலேஜ் பெண்ணை ஒருவன் காரில் ஏற்றிக்கொண்டு போய்க் கெடுத்துவிடுகிறான். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்கிறாள். அம்மா அடிக்கிறாள், அலறுகிறாள். என்ன சத்தம் என்று பக்கத்தில் குடியிருப்பவர்கள் கேட்கிறார்கள். அந்த ஒரு நொடியில் அம்மா சுதாரித்துக்கொண்டு, பெண் மழையில் தொப்பலாக நனைந்து வந்துவிட்டாள், அதற்குத்தான் திட்டுகிறேன் என்கிறாள். அப்புறம் மகளை உள்ளே கூட்டிப்போய்த் தலையில் தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள்.

அதற்கு எழுந்த சண்டை நீ கேள்விப்பட்டிருப்பாய். ஒரு தாய் அப்படிச் செய்வாளா என்று கேட்டார்கள். வேறு முடிவு வைத்து எதிர்க்கதை எழுதினவர்களும் உண்டு. ஜெயகாந்தன் அடுத்து செய்ததுதான் எனக்குப் பெரிசு. சரி, அந்த அம்மா அப்படிச் செய்யாமல் கூச்சல் போட்டு ஊரைக் கூட்டியிருந்தால் அந்தப் பெண் என்ன ஆவாள் என்று ஒரு நாவலே எழுதினார். அந்த நாவலின் கங்கா, தன் கதையாகவே இருக்கிற ‘அக்னிப் பிரவேச’த்தைப் பத்திரிகையில் படிக்கிறாள், அதில் வருகிற அம்மா தனக்குக் கிடைக்கவில்லையே என்று வேகிறாள். தினமணி கதிரில் தொடராக வந்தபோது அதற்கு ‘காலங்கள் மாறும்’ என்று பெயர். புத்தகமாகும்போது ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ ஆகிவிட்டது. 1972-ஆம் வருஷத்துச் சாகித்திய அகாதெமி விருது அதற்குத்தான். பழியை முதலில் காலத்தின் மேல் வைத்துவிட்டு, அப்புறம் எடுத்து ஆட்களின் மேல் வைத்தார் என்று நான் படித்துக்கொள்கிறேன். நீ பால்கனியில் கேட்ட கேள்வி அந்த இரண்டு தலைப்புக்கும் நடுவில்தான் கிடக்கிறது.

தண்ணீர் ஊற்றினவள் மனித இயல்பா, கூச்சல் போட்டவள் மனித இயல்பா? ஒரே அம்மா, அதே மழை, எழுதின கையும் ஒன்றே. சாவதற்குக் கொஞ்ச நாள் முந்தி ஆச்சியிடம் இதைக் கேட்டேன். வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னாள்: ‘தண்ணி ஊத்தினது பெரிசில்லட்டி. பக்கத்து வீட்டுக்காரிகிட்ட மழைன்னு சொன்னா பாரு, அதுக்குத்தான் நான் அந்தப் புஸ்தகத்தைப் பானையில வச்சேன்.’

உன் அம்மா கொடுத்தனுப்பின கவரை நீ திருப்பிக் கொடுத்துவிட்டதில் அவளுக்கு வருத்தம். சம்பாதிக்கிற திமிர் என்கிறாள். அவளைச் சமாதானப்படுத்த நற்றிணை 110-ஐச் சொல்லிப் பார்த்தேன். பொற்கிண்ணத்தில் தேன் கலந்த பாலை வைத்துக்கொண்டு செவிலியர் துரத்த, குடிக்க மாட்டேன் என்று ஓடின பெண், புருஷன் வீடு வறுமைப்பட்டபோது அப்பா வீட்டுச் சோற்றை நினைக்காமல் ஒரு வேளை விட்டு ஒரு வேளை சாப்பிடுகிறாளாம். ‘அவ புருஷனுக்காகப் பட்டினி கிடந்தா. இவ யாருக்காக?’ என்றாள் உன் அம்மா. கேள்வி நியாயமானது. அது உனக்கு, பதிலை நீயே போன் பண்ணிச் சொல்லு.

மோர்க்குழம்பையும் அவள் விடவில்லை. ராத்திரி விளக்கை அணைத்த பிறகு இருட்டில் கேட்டாள்: ‘மாப்பிள்ளை அப்படிப் பாத்துக்கிட்டு நின்னாகளே, இவ நல்லாருக்குன்னு சொன்னாளாக்கா?’

நீ சொல்லவில்லை, பாப்பா. இடது கையால் போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டு எழுந்து போனாய். அவர் கரண்டியைக் கொண்டுபோய்த் தொட்டியில் போட்டார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ‘சொன்னா. ரெண்டு தடவை சொன்னா’ என்றேன். உன் அம்மா அடுத்த நிமிஷம் தூங்கிவிட்டாள்.

எனக்குத்தான் தூக்கம் போயிற்று. கூடலூர் கிழாருடைய செவிலி வந்து தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டாள். நன்றாயிருக்கிறது என்று அவன் சொன்னதாக அவள்தானே சொல்கிறாள்? வேறு சாட்சி யார்? யார் யாரிடம் சொன்னது என்ற குறிப்பு, பாட்டைத் தொகுத்தவர்கள் பின்னால் சேர்த்தது என்பார்கள். ஆகையால் இதைப் போய் எந்தத் தமிழ் வாத்தியாரிடமும் சொல்லிவைக்காதே, சண்டைக்கு வருவார்கள். ஆனால் 31 வருஷத்தில் அவள் வார்த்தையை நான் ஒரு தடவைகூடச் சந்தேகப்பட்டதில்லை.

அடுத்த தடவை அவர் மோர்க்குழம்பு வைத்தால் சொல்லிவிடு. ரெண்டு தடவை என்று கணக்குக் கொடுத்திருக்கிறேன். வெண்டைக்காயை முன்னாலேயே நன்றாக வதக்கிப் போடச் சொல், வழவழவென்று இருந்தது. ஆனால் அதை மறுநாள் சொல். பார்சலில் ஒரு மத்து வருகிறது.

அன்புடன்,
பெரியம்மா